நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் குடும்பம் நடத்த

கஜா புயல் கரையேறிய ராத்திரி, இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. 2018 நவம்பர் 16 விடியும் முன்பே பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் மறுபடி பல்பு எரிய 23 நாள் ஆனது. அப்போது பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். வெளிச்சத்துக்கு ஒரு காடா விளக்கு போதும், குளிக்கக் கழுவ என்ன செய்வீர்கள்? புயல் செய்தி வந்ததும் மாடித் தொட்டியை நிரப்புங்கள். கரண்ட் போனதும் தொட்டி வால்வை மூடிவிட்டு, ஆளுக்கு இரண்டு குடம் என்று பிடித்துக் கொடுங்கள். குழாயைத் திறந்தால் கொட்டும் என்றிருந்தால் யார் கையும் அடங்காது. எங்கள் ஆயிரம் லிட்டர் இரண்டாம் நாள் மதியமே காலி.

அப்புறம் ஜெனரேட்டர். கொழுந்தனார் எங்கிருந்தோ 1 கேவிஏ பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். ஒரு ஹெச்பி போர் மோட்டாரைப் போட்டதும் முக்கி முனகி நின்றுவிட்டது. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போல் சில மடங்கு கரண்ட் இழுக்கும். 3 கேவிஏவாவது வேண்டும். நான்கு வீடு சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகும். வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் சொருகி கரண்ட் ஏற்றவே கூடாது. அது அப்படியே லைனுக்குப் போகும். கேரளாவிலிருந்தெல்லாம் வந்து லைன் சரிசெய்யக் கம்பத்தில் ஏறி நின்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

என் மாமியாருக்கு இன்சுலின். பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னக் கலயம், கலயத்துக்குள் மூடிய டப்பாவில் மருந்துக் குப்பி, மேலே ஈரத்துணி. காலையும் மாலையும் மணலில் ஒரு செம்பு தண்ணீர். காற்றோட்டமான திண்ணை மூலையில் வைத்தால் உள்ளே சில்லென்று இருக்கும். திறந்த குப்பி பெரும்பாலும் நான்கு வாரம் வெளியே தாங்கும், அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ்கட்டி மேல் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்வெர்ட்டர் இருந்தால் கஞ்சனாக இருங்கள். நல்ல 150 ஏஹெச் பேட்டரி ஒரு ஃபேன், இரண்டு எல்இடி பல்புக்குப் பத்து மணி நேரம்போல வரும். அதை மூன்று ராத்திரிக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். டவர் கிடைக்காத இடத்தில் போன் சிக்னல் தேடியே சார்ஜைத் தின்னும், அணைத்து வையுங்கள். நாங்கள் டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போட்டுக்கொண்டோம்.

அறுந்து கிடக்கும் கம்பியைச் செத்த கம்பி என்று நம்பி ஒதுக்கிப் போடாதீர்கள். இப்போது மின்வாரியத்தின் புகார் மையம் மின்னகம் இருக்கிறது, 94987 94987க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, கரண்ட் போன அன்றே மெயினை இறக்கிவிடுங்கள். வரும்போது வோல்டேஜ் தாறுமாறாக வரும். வந்த பிறகு ஒரே ஒரு பல்பைப் போட்டு, அது கண்ணைக் கூசாமல், மங்காமல் கால்மணி நேரம் எரிந்தால்தான் ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம். எங்கள் தெருவில் இரண்டு டிவி போனது. நான் மெயினை இறக்கவில்லை. 23ஆம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் ஏதோ உறுமுகிறதென்று எல்லோரும் அலறி எழுந்தோம். போய்ப் பார்த்தால், ஜாரை எடுத்தேனே தவிர திருகை அணைக்காமல் விட்ட மிக்சி.