செரெங்கெட்டி பயணம்: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிடுவோர், விடுதியைத் தேடுவதற்கு முன்பே எந்த மாதத்தில் போவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் அங்குள்ள பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டிபீஸ்ட் என்னும் பெரிய மான் வகை விலங்குகள் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. பிப்ரவரியில் அவை தெற்கே நிடுட்டு சமவெளியில் கன்று ஈனும். ஈரம் உலராத கன்று சில நிமிடங்களிலேயே தள்ளாடி எழுந்து தாயின் பின்னே ஓடத் தொடங்குவதை அப்போது காணலாம். மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க விரும்பினால், ஜூலை முதல் செப்டம்பர் வரை வடக்கே கோகாடெண்டே பகுதியில் தங்குவது நல்லது. ஆனால் அவை எந்த நாளில் ஆற்றில் இறங்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது என்பதால், அங்கே குறைந்தது 3 இரவுகளாவது தங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒரே வாரத்தில் பல பூங்காக்களைத் திணிக்கும் திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகற்பொழுதில் பெரும்பகுதி சாலையிலேயே கழிந்துவிடும்.

வடக்குத் தான்சானிய நகரமான அருஷாவிலிருந்து சிறு விமானத்தில் செல்வோருக்குப் பெரும்பாலும் 15 கிலோ பயணச் சுமைக்கே அனுமதி உண்டு, அதுவும் மென்மையான பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்கு அந்நாட்டில் 2019 முதல் தடை உள்ளது. மலேரியா தடுப்பு மாத்திரை குறித்தும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி குறித்தும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பின்னரே செல்லுபடியாகும். வேட்டையாடும் சிவிங்கிப்புலியை நெருங்கி வழிமறிக்க வேண்டாம் என்று வாகன ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதன் வேட்டை தவறினால் குட்டிகளும் பட்டினி கிடக்கும்.