க்ளீன் மஸ்காராவுக்கு மாறப் போகிறீர்களா? முதலில் டியூபைத் திருப்பிப் பாருங்கள்

இமைமுடி உதிர்கிறது, சாயங்காலம் ஆனால் கண் உறுத்துகிறது, அதனால் கெடுதலான ரசாயனம் இல்லை என்று சொல்லி விற்கும் க்ளீன் மஸ்காராவுக்கு மாறலாம் என்று நினைத்தால் தாராளமாக மாறுங்கள். ஆனால் முன்பக்கத்தில் ‘க்ளீன்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது, எதைச் சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. விஷயம் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில்தான் இருக்கிறது.

அங்கே குவாட்டர்னியம்-15, டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா என்று ஏதாவது தெரிந்தால் விட்டுவிடுங்கள். இவை ஃபார்மால்டிஹைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுபவை, இமைத் தோலோ மிகவும் மெல்லியது, அலர்ஜி வந்தால் வீங்கிவிடும். பெயருக்குள் ‘ஃப்ளூரோ’ வந்தாலும், பிடிஎஃப்இ என்று இருந்தாலும் வேண்டாம், சுற்றுச்சூழலில் மக்காமல் தங்கிவிடும் பிஎஃப்ஏஎஸ் குடும்பம் அது. வாசனை சேர்த்ததும் கண்ணுக்குத் தேவையில்லை.

‘பிரிசர்வேட்டிவ் (கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்) இல்லை’ என்று பார்த்தால் மட்டும் சந்தோஷப்படாதீர்கள். பிரஷ் ஒவ்வொரு தடவையும் இமையைத் தொட்டுவிட்டு அந்த ஈரமான டியூபுக்குள்ளேயே திரும்பப் போகிறது, கிருமி வளர இதைவிட வசதியான இடம் வேண்டுமா? ஃபீனாக்ஸிஎத்தனால் மாதிரி ஏதாவது ஒரு பிரிசர்வேட்டிவ் இருப்பதுதான் நல்லது. இயற்கைப் பொருள் என்றாலே சாது என்பதும் இல்லை. பைன் பிசினும் எசென்ஷியல் ஆயிலும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் கண்ணில் போடும் முன் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

இமைமுடிக்கு அதிகச் சேதம் மஸ்காராவைப் போடும்போது வருவதில்லை, எடுக்கும்போதுதான் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். வாட்டர்ப்ரூஃப் வகையைத் தினமும் போட்டுவிட்டு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அழுத்தித் தேய்த்தால், எவ்வளவு க்ளீனான பொருளாக இருந்தாலும் முடி ஒடியத்தான் செய்யும். அதற்குப் பதிலாக நான் சிபாரிசு செய்வது டியூபிங் மஸ்காரா: இதிலுள்ள பாலிமர் ஒவ்வொரு முடியையும் உறை போலச் சுற்றிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை மூடிய கண்மேல் அரை நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம் மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். கறுப்பு நூல் துணுக்குகள் மாதிரி பஞ்சில் கழன்று வரும், தேய்க்கவே வேண்டாம். மெழுகு வகை என்றால் எண்ணெய் கலந்த ரிமூவர் எடுத்து அதே பொறுமையோடு செய்யுங்கள்.

புதியது வந்ததும் பழைய டியூபைத் தூக்கிப் போடுங்கள். திறந்து 3 மாதம் ஆனால் மாற்றிவிடுவது நல்லது, பாதி மீதி இருந்தாலும் சரி. காய்ந்துவிட்டது என்று தண்ணீரோ எச்சிலோ விட்டுக் கலக்காதீர்கள். பிரஷை மேலும் கீழும் குத்தாமல் உள்ளேயே சுழற்றி எடுங்கள், குத்தக் குத்தக் காற்று புகுந்து சீக்கிரம் காய்ந்துவிடும். யாருக்கும் இரவல் தராதீர்கள்.

ஒரே வாரத்தில் முடி அடர்த்தியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒடிந்த முடி உதிர்ந்து புதிதாக முளைத்து வளரச் சில மாதங்கள் ஆகும். வளர்ச்சியைத் தூண்டும் என்று சொல்லும் மஸ்காராவில் ஐசோப்ரோப்பைல் க்ளோப்ரோஸ்டினேட் இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வகைப் பொருட்கள் இமைத் தோலைக் கறுக்க வைக்கலாம். கண் சிவந்தாலோ பீளை கட்டினாலோ அன்றைக்கே மஸ்காராவை நிறுத்தி அந்த டியூபைக் குப்பையில் போட்டுவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள், முழுக்கச் சரியாகும்வரை புதியதையும் திறக்க வேண்டாம்.