தேயிலை பாக்கெட்டுக்கு என்பி சார்ட் போடுவது எப்படி?

குன்னூர்ப் பக்கம் ஒரு பேக்கிங் கூடம் என்று வைத்துக்கொள்வோம். நேற்று 100 பாக்கெட்டில் 3 தேறவில்லை, இன்று 7. உடனே சீல் மெஷின் ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடலாமா? பொறுங்கள். இது வழக்கமான ஏற்ற இறக்கமா, நிஜமாகவே ஏதோ கெட்டிருக்கிறதா என்று பிரித்துச் சொல்லத்தான் கண்ட்ரோல் சார்ட். அதில் ஒரு வகைதான் என்பி (np) சார்ட்: ஒரே அளவு மாதிரியில் தினமும் எத்தனை குறைப் பாக்கெட் என்று எண்ணிப் புள்ளி வைப்பது. 1924இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் முதலில் வரைந்து காட்டியதும் குறையுள்ள பொருள்களுக்கான சார்ட்தான்.

படி 1: எது குறை?
சீல் விட்டது, எடை குறைந்தது, உறை கிழிந்தது. ஒரே பாக்கெட்டில் இரண்டு குறை இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான். சீல் விஷயத்தில் மட்டும் சலுகை வேண்டாம். மூடுபனி நாளில் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள்; ஓரத்தில் காற்று கசிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: மாதிரி
தினமும் 100 பாக்கெட், ஷிஃப்ட் முழுக்கப் பரவலாக. ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து அள்ளினால் வேலைக்காகாது.

படி 3: கணக்கு
20 நாளில் மொத்தம் 80 குறை என்றால் சராசரி நாளுக்கு 4, விகிதம் 0.04.
சிக்மா (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) = √(சராசரி × (1 − விகிதம்)) = √(4 × 0.96) = 1.96
மேல் எல்லை = 4 + 3 × 1.96 = 9.88
கீழ் எல்லை = 4 − 5.88. மைனஸில் போகிறது, அதனால் 0.

படி 4: வரைதல்
கட்டம் போட்ட தாள் போதும். நடுவில் 4, மேலே 9.88, இரண்டு கோடு. நாள்வாரியாகப் புள்ளி வைத்து இணையுங்கள்.

படி 5: வாசித்தல்
அந்த 7 எல்லைக்குள்தான் இருக்கிறது. யாரையும் திட்டத் தேவையில்லை. ஆனால் அந்த 20 நாளில் ஒரு நாள் 12 வந்திருக்கிறது. விசாரித்தால், அன்று வோல்டேஜ் இறங்கி சீல் மெஷினில் சூடு ஏறவில்லை. காரணம் கிடைத்து, அதைச் சரியும் செய்தாயிற்று என்றால் அந்த நாளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடலாம்: 1900 பாக்கெட்டில் 68, சராசரி 3.58, மேல் எல்லை 9.15. காரணம் தெரியாமல் புள்ளியைத் தூக்குவது சார்ட்டையே ஏமாற்றும் வேலை. இனி வரும் நாள்களுக்கு இந்தப் புதுக் கோடுகள்தான்: 9 உள்ளே, 10 வெளியே.

எல்லை தாண்டாவிட்டாலும், தொடர்ந்து 8 புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் போய்ப் பாருங்கள். எல்லாமே கீழ்ப்பக்கம் என்றால் மெஷின் நன்றாக ஓடுகிறது என்றும் இருக்கலாம், சோதிப்பவர் அசட்டையாகிவிட்டார் என்றும் இருக்கலாம். எனக்கு முதலில் வருவது இரண்டாவது சந்தேகம்தான்.

அப்புறம், தினமும் ஒரே எண்ணிக்கையில் மாதிரி எடுக்க முடியாதவர்களுக்கு என்பி சார்ட் ஒத்துவராது. அவர்கள் விகிதத்தை வைத்துப் பி சார்ட் போட வேண்டும். அதில் எல்லைக்கோடும் மாதிரி அளவுக்கேற்ப நாளுக்கு நாள் மாறும்.