உங்கள் கரும்பு ரகம் மஞ்சள் இலை நோயைத் தாங்குகிறதா? வயலிலேயே மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை

"கோ 86032 முன்ன மாதிரி இல்லை, ரகம் அசந்துபோச்சு" என்று கரும்பு வைத்திருக்கிற பலரும் சொல்கிறார்கள். 2000இல் வெளியான ரகம். தமிழ்நாட்டில் பெரும் பரப்பில், நீண்ட காலம் நின்ற ரகம். அது அசந்துபோனது உண்மைதான். ஆனால் அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று ரகத்தின் வயது அல்ல, கரணைக்குள் (நடுவதற்காக வெட்டும் கரும்புத் துண்டுக்குள்) வருடக்கணக்காகச் சேர்ந்துகொண்டே வந்த வைரஸ். அதிலும் முக்கியமானது மஞ்சள் இலை நோய்.

1980களின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் கவனத்துக்கு வந்த நோய் இது. அடுத்த சில ஆண்டுகளில் பிரேசிலில் ஒரு முக்கிய ரகத்தையே முடக்கியது. இந்தியாவில் 1999இல் பதிவானது. மருந்தடித்துக் குணமாக்க வழி இல்லை. தாங்குகிற ரகமும் சுத்தமான கரணையும்தான் நம் கையில் இருப்பவை.

எந்த ரகம் தாங்குகிறது என்பதை ஆராய்ச்சி நிலையத்தில் எப்படி மதிப்பிடுகிறார்களோ, ஏறக்குறைய அதே முறையில் உங்கள் வயலில் நீங்களும் மதிப்பிடலாம். ஒரு நோட்டு, கலர் ரிப்பன், கையில் பிடிக்கிற பூதக்கண்ணாடி, அரை நாள் நேரம். இவ்வளவுதான் தேவை.

படி 1: கரணை எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்

வயலுக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியது இது. பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

இந்த வைரஸ் இரண்டு வழிகளில் பரவும். ஒன்று, நோயுள்ள கரும்பிலிருந்து எடுத்த கரணை அல்லது பருச்சீவல் நாற்று (கணுவிலுள்ள பருவை, அதாவது மொட்டை, மட்டும் சீவி வளர்த்த நாற்று). இன்னொன்று, அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. சோளத்திலும் கரும்பிலும் தோகையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்மஞ்சள் அசுவினிதான் முக்கியமான கடத்தி. நோயுள்ள தோகையில் சாறு உறிஞ்சி ஒருமுறை வைரஸை வாங்கிவிட்டால், சாகும்வரை அது பரப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் ஊர் விட்டு ஊர், மாவட்டம் விட்டு மாவட்டம் நோய் பாய்ந்தது பெரும்பாலும் கரணை வழியாகத்தான்.

ஒரு பக்கம் ஆலை கொடுத்த திசு வளர்ப்பு நாற்று, இன்னொரு பக்கம் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிய பழைய கரணை. இப்படி நட்டுவிட்டு இரண்டு ரகத்தை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது ரகத்தை அல்ல, கரணையை. ரகத்தை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே அளவு சுத்தமான விதையிலிருந்து வந்திருக்க வேண்டும், ஒரே மாதத்தில் நட்டிருக்க வேண்டும், ஒரே தண்ணீரும் உரமும் பெற்றிருக்க வேண்டும். அப்படி அமையவில்லை என்றால் மதிப்பெண் போடுங்கள், பரவாயில்லை. ஆனால் நோட்டில் மேலேயே "கரணை வேறு வேறு" என்று எழுதிவிடுங்கள்.

படி 2: எட்டாவது மாதம் வரை பொறுங்கள்

இளம் பயிரில் இந்த நோய் முகம் காட்டாது. பொதுவாக 6 முதல் 8 மாதத்துக்கு மேல்தான் அறிகுறி தெளிவாகத் தெரியும். முன்பட்டத்தில் ஜனவரியில் நட்டிருந்தால் செப்டம்பரில் முதல் கணக்கு, நவம்பரில் இரண்டாவது கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். விதைக்கரும்பை நாம் எத்தனை மாதத்தில் வெட்டுகிறோம்? 6 முதல் 8 மாதத்தில். அதாவது நோய் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் முன்போ, அதே சமயத்திலோ வெட்டி, கரணையாக்கி, நட்டுவிடுகிறோம். "பச்சைப் பசேலென்று இருந்தது, நம்பி வாங்கினேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பார்த்தபோது அது பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

படி 3: 25 தூர்களுக்கு ரிப்பன் கட்டுங்கள்

வரப்போரத்தை விட்டு உள்ளே போங்கள். வயலின் நான்கு மூலைப் பக்கம் ஒவ்வொரு இடம், நடுவில் ஒரு இடம். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்து 5 தூர் (ஒரே இடத்தில் முளைத்த கரும்புக் கூட்டம் ஒரு தூர்). நோய் தெரிகிற தூராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நல்ல தூராகவும் தேடாதீர்கள். போய் நின்ற இடத்தில் கைக்கு எட்டும் தூரிலிருந்து எண்ணுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் இப்படி 25. அதே தூர்களைத்தான் மறுதாம்பிலும் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிரிலும்) பார்க்கப் போகிறோம் என்பதால், வெட்டுக்குப் பிறகும் இடம் தெரிகிற மாதிரி ஒரு சின்னக் குச்சியும் நட்டு வையுங்கள்.

படி 4: தோகையைத் திருப்பிப் பாருங்கள்

மேலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நோயின் முதல் அடையாளம் தோகையின் அடிப்பக்கத்தில், நடுநரம்பில் இருக்கிறது.

கொண்டையில் முழுதாக விரிந்து, தோகையும் உறையும் சேரும் கழுத்து வெளியே தெரிகிற முதல் தோகையை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கீழே எண்ணி 3 முதல் 6 வரையான தோகைகளைத் திருப்பிப் பாருங்கள். நல்ல கரும்பில் நடுநரம்பு வெண்மையாக இருக்கும். நோய் இருந்தால் அடிப்பக்க நரம்பு பளிச்சென்ற மஞ்சள். சில ரகங்களில் மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு ஏறும். அப்புறம் அந்த நிறம் நரம்பின் இரு பக்கமும் தோகைக்குள் பரவும். நுனியிலிருந்து தோகை காய்ந்துகொண்டே வரும். கடைசியில் மேல் இடைக்கணுக்கள் குறுகி, தோகைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியது போலக் கொத்தாக நிற்கும்.

மஞ்சளாக இருப்பதெல்லாம் இந்த நோய் இல்லை. தழைச்சத்துக் குறைவில் கீழ்த்தோகைதான் முதலில் வெளுக்கும், தோகை முழுக்கச் சீராக வெளுக்கும். சுண்ணாம்பு மண்ணில் வரும் இரும்புச்சத்துக் குறைவில் இளந்தோகையில் நரம்புகளுக்கு இடையே வெளிர்க்கோடுகள் ஓடும். தேமல் நோயில் தோகையை வெயிலுக்கு நேரே பிடித்தால் பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரியும். தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடியது பாசனத்துக்குப் பின் தெளிந்துவிடும். மஞ்சள் இலை நோய் தெளியாது. இந்த வித்தியாசம் தெரியாமல், முதன்முதலில் இதைப் பார்த்த வருடம் நான் இரண்டு தடவை யூரியா போட்டேன். பணமும் போனது, நோயும் அப்படியே இருந்தது.

படி 5: மதிப்பெண் போடுங்கள்

கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் நோயியல் ஆய்வுகளில் பயன்படும் 0 முதல் 5 வரையான அளவுகோல் இது. தூருக்கு ஒரு எண் போடுங்கள். ஒரே தூரில் கரும்புக்குக் கரும்பு வேறுபட்டால், அதிகமாகப் பாதித்த கரும்பின் எண்ணையே எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

0 – அறிகுறி எதுவும் இல்லை.
1 – ஒன்றிரண்டு தோகையில் மட்டும் நடுநரம்பில் லேசான மஞ்சள். தோகை காய்வதும் கொத்தும் இல்லை.
2 – கொண்டையின் எல்லாத் தோகைகளிலும் நடுநரம்பு நன்றாக மஞ்சள். கொத்து இல்லை.
3 – மஞ்சள் நரம்பைத் தாண்டித் தோகைப் பரப்புக்குள் போய்விட்டது. கொண்டை கொத்தாக ஆரம்பித்துவிட்டது.
4 – நுனியிலிருந்து நரம்பை ஒட்டியே தோகை காய்கிறது. கொண்டை குஞ்சம் போலத் தெளிவாகக் கொத்தாகிவிட்டது.
5 – அதோடு கரும்பே குட்டையாக நின்றுவிட்டது.

1க்கும் 2க்கும் இடையில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒன்றிரண்டு தோகையா, கொண்டை முழுக்கவா என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வி போதும்.

படி 6: சராசரி எடுங்கள்

ஒரு ரகத்தில் 25 தூர். 4 தூருக்கு 0, 6 தூருக்கு 1, 8 தூருக்கு 2, 5 தூருக்கு 3, 2 தூருக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 6 + 16 + 15 + 8 = 45. 25ஆல் வகுத்தால் 1.8.

சராசரி 1 வரை வந்தால் எதிர்ப்புத்திறன் உள்ள ரகம். 1.1 முதல் 2 வரை ஓரளவு எதிர்ப்பு. 2.1 முதல் 3 வரை ஓரளவு பாதிக்கப்படும். 3.1 முதல் 4 வரை பாதிக்கப்படும். அதற்கு மேல் போனால் மிக எளிதில் பாதிக்கப்படும் ரகம். நம் உதாரணத்தின் 1.8 "ஓரளவு எதிர்ப்பு" என்ற வகுப்பில் விழுகிறது.

ஆனால் நடவுப் பயிரின் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே 25 தூர்களை மறுதாம்பிலும் எட்டு, பத்து மாதங்களில் பாருங்கள். நோய் பெரும்பாலும் மறுதாம்பில்தான் கூடுதலாகத் தெரியும். வறட்சியோ தண்ணீர்த் தேக்கமோ சேர்ந்தால் இன்னும் கூடும். முதல் வருடம் 1.8 வந்த ரகம் மறுதாம்பில் 2.7 ஆனால், அந்த ரகத்தின் உண்மையான முகம் 2.7தான். மறுதாம்பிலும் 1.8 அருகிலேயே நின்றால் அது உங்கள் மண்ணில் தாங்குகிறது என்று நம்பலாம்.

படி 7: பூஜ்யத்தை அப்படியே நம்பாதீர்கள்

0 வாங்கிய தூருக்குள் வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. சில ரகங்கள் வைரஸை உள்ளே விடுவதே இல்லை. வேறு சில ரகங்கள் உள்ளே விட்டுவிட்டு, வெளியே காட்டாமல் வளர்ந்துகொண்டிருக்கும். மகசூலுக்கு இரண்டும் நல்லதாகத் தோன்றினாலும், இரண்டாவது வகை பக்கத்து வயலுக்கு வைரஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கண்ணால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. ஆர்.டி.பி.சி.ஆர் என்ற ஆய்வகச் சோதனைதான் சொல்லும். ஆகவே விதைக்காக ஒரு வயலைத் தேர்ந்தெடுக்கும்போது "0 வந்தது" என்பது மட்டும் போதாது. ஆலையின் கரும்பு அலுவலரிடம் பேசி, இலை மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 8: எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்

3க்கு மேல் வந்த வயலில் மறுதாம்பு விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கிருந்து ஒரு பருகூட விதைக்குப் போகக் கூடாது.

2க்கும் 3க்கும் நடுவில் வந்தால், ரகத்தை மாற்றும் முன் அதே ரகத்தின் திசு வளர்ப்பு நாற்றை ஒருமுறை நட்டுப் பாருங்கள். குருத்தின் நுனியை எடுத்து வளர்க்கும் அந்த முறைதான் இந்த வைரஸைக் கழிக்கிறது. வெந்நீரில் கரணை நேர்த்தி செய்வது புல்தண்டு நோய்க்கு உதவும், இதற்கு உதவாது. வெட்டுக்கத்தி வழியாகவும் இந்த வைரஸ் பரவாது. கத்தியைச் சுத்தம் செய்வது நல்ல பழக்கம்தான், ஆனால் அதனால் இது நிற்காது.

ரகத்தை மாற்றுவது என்றே முடிவானால், வயல் முழுக்க ஒரே ரகமாக மாற்றிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் பகுதியில் 1970களில் என்.கோ 310 என்ற ரகமே எங்கும் நின்றது. கோ 421, கோ 312 இரண்டையும் சேர்த்துக் கோவையில் எடுத்த விதையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தேர்வான ரகம் அது. தத்துப்பூச்சி பரப்பும் ஃபிஜி நோய் என்ற வைரஸ் அதைப் பிடித்தபோது பகுதியே திணறியது. எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களை நட்டுத்தான் அந்த நோயை அடக்கினார்கள். நம் கோவையில் பிறந்த ரகத்துக்கு எங்கோ நடந்த அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம், இரண்டு மூன்று ரகங்களாவது வயலில் இருக்கட்டும் என்றே தோன்றுகிறது.

படி 9: விதைப்பாத்தியில் ஒரு பாரை விட்டு வையுங்கள்

சொந்த விதைக்கு 10 சென்ட் ஒதுக்கினால் ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் கரணை கிடைக்கும். திசு வளர்ப்பு நாற்றில் தொடங்குங்கள், பழைய கரும்பு வயலையும் சோளக்காட்டையும் விட்டுத் தள்ளி வையுங்கள். ஏழாவது மாதத்தில் விதைக்கு வெட்டும்போது ஒரு பாரை (ஒரு வரிசையை) மட்டும் வெட்டாமல் நிறுத்துங்கள். அந்தப் பார் பத்து மாதம் வரை நிற்கட்டும். ஒன்பதாவது, பத்தாவது மாதங்களில் அதன் தோகைகளைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பு வெண்மையாக இருந்தால், வெட்டி நட்ட கரணையும் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள் ஏறியிருந்தால், அந்த வயலிலிருந்து அடுத்த முறை விதை எடுக்காமல் நிறுத்த உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.