ஜாஸ்மினும் ராஜாவும்: குமரி மாவட்டத்து வீடுகளில் உருவப் பொம்மைகளைச் சேர்த்துக் காட்சிக்கு வைக்கும் முறை

இளவரசி ஜாஸ்மினையும் அவளுடைய புலி ராஜாவையும் சேர்க்கத் தொடங்குகிறவர்கள், பெரும்பாலும் இளவரசியை முதலில் வாங்கிவிட்டுப் புலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே நல்லது. டிஸ்னி இளவரசியர் வரிசையில் ஒருத்தி என்பதால் ஜாஸ்மின் ஏறத்தாழ எல்லா அளவுகளிலும் எல்லா விலைகளிலும் தனியாகவே கிடைப்பாள். ராஜாவோ சில தொகுப்புகளோடு மட்டுமே வருவான். அப்படி வரும்போதும், தயாரிப்பாளர் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் சுருங்குவது புலியின் உடல்தான். ஆகவே மனத்துக்குப் பிடித்த புலி ஒன்று கையில் வந்த பிறகு, அதன் அளவுக்கும் நிறத்துக்கும் பொருந்துகிற இளவரசியைத் தேடுவது எளிது. இளவரசியை வைத்துக்கொண்டு புலியைத் தேடி அலைவது நீண்ட வேலை.

எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்வதற்கு மூலப் படத்தின் உருவ அமைப்பை அறிந்திருக்க வேண்டும். ‘அலாதீன்’ இயங்குபடம் 1992-இல் வெளிவந்தது. அதில் ஜாஸ்மினின் அசைவுகளுக்கு மார்க் ஹென்னும், ராஜாவின் அசைவுகளுக்கு ஏரன் பிளேஸும் தலைமை ஓவியர்களாக இருந்தார்கள். ஜாஸ்மினின் வழக்கமான உடை பச்சை கலந்த நீலம். தலைப்பட்டையில் ஒரு நீலக்கல், காதில் பெரிய பொன் அணிகள், இடையிடையே பட்டை கட்டிய நீண்ட கருங்கூந்தல் ஆகியவை அவளுடைய அடையாளங்கள். ராஜாவின் முகவாயும் மார்பும் அடிவயிறும் வெளிறிய பாலேட்டு நிறத்தில் இருக்கும். முழு உடலையும் ஒரே ஆரஞ்சில் தோய்த்து மேலே கோடு கிழித்த பொம்மை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடலாம். 2019-இல் நடிகர்களை வைத்து எடுத்த படத்தின் பொம்மைகள் உடையிலும் முகத்திலும் வேறுபட்டவை என்பதால், அவற்றுக்குத் தனித் தட்டு கொடுப்பதே சரி. மாயாஜாலத்தால் வில்லன் ஜாபர் புலியைப் பூனைக்குட்டி அளவுக்குச் சுருக்கிவிடும் காட்சியும் 1992 படத்தில் உண்டு. கையில் வந்த புலி மிகச் சிறியதாக இருந்தால், அந்தக் காட்சியைச் சொல்லி அதைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். அது சமாளிப்புத்தான், ஆனால் நல்ல சமாளிப்பு.

அளவைப் பொறுத்தவரை கண்மதிப்பை நம்பாமல் ஸ்கேலை எடுப்பது நல்லது. வளர்ந்த ஆண் வங்கப் புலி தோள் மட்டத்தில் சுமார் 90 முதல் 110 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்; வால் நீங்கலாக உடல் நீளம் இரண்டு மீட்டரை ஒட்டி வரும். இதை 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜாஸ்மினுக்குச் சுருக்கிப் பார்த்தால், நின்றிருக்கும் ராஜாவின் தோள் ஏறத்தாழ 6 சென்டிமீட்டரும் உடல் 11 அல்லது 12 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். அதாவது புலியின் தோள் இளவரசியின் இடுப்பைத் தொட வேண்டும். விற்பனைப் படங்களில் பொம்மை தனியாக நிற்பதால் புலி இதைவிடச் சிறியதாக இருந்தாலும் தெரியாது. விவரத்தில் கொடுத்திருக்கும் சென்டிமீட்டர் கணக்கைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும் செய்யப்படும் ஃபன்கோ பாப் போன்ற வினைல் பொம்மைகளுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. அவற்றை அவற்றோடு மட்டுமே இணை சேர்க்க வேண்டும்.

பொம்மை செய்யப்பட்ட பொருளைப் பார்த்தே பராமரிப்பு அமைகிறது. சிறுவர் தொகுப்புகளிலும், பான்பிரெஸ்டோவின் கியூ போஸ்கெட் வரிசையிலும் பெரும்பாலும் பி.வி.சி.தான். ஜிம் ஷோர் வடிவமைத்து எனெஸ்கோ வெளியிடும் டிஸ்னி டிரெடிஷன்ஸ் வரிசை, கல்தூள் கலந்த ரெசின் வார்ப்பு. உடையெங்கும் ஒட்டுத்துணி மெத்தை போன்ற பூவேலை இருப்பதால் எட்ட நின்றே அடையாளம் காணலாம். 1992-இல் தொடங்கிய வால்ட் டிஸ்னி கிளாசிக்ஸ் கலெக்‌ஷன் பீங்கானில் வந்தது. அடியில் அந்தந்த ஆண்டுக்குரிய சிறு முத்திரை பதிந்திருக்கும், சான்றிதழும் பெட்டியும் சேர்ந்திருந்தால்தான் மறுவிற்பனையில் மதிப்பு நிற்கும். தொடக்கக்காரர்களுக்குப் பி.வி.சி. போதும். விலையுயர்ந்த பீங்கானை, அலமாரி சரியாக அமைந்து ஒரு மழைக்காலம் கடந்த பிறகு வாங்கலாம்.

வாங்கும்போது முதலில் பாதத்தையோ அடிப்பீடத்தையோ திருப்பிப் பார்க்க வேண்டும். டிஸ்னியின் பதிப்புரிமைக் குறி, தயாரிப்பாளர் பெயர், தயாரான நாடு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து மங்கலாகவோ பிழையாகவோ இருந்தால் அது நகலாக இருக்கக்கூடும். அடுத்தது முகம்: இரு கண்மணிகளும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா, பொன்னிறம் காதணியைத் தாண்டிக் கன்னத்தில் வழிந்திருக்கிறதா, புலியின் கோடுகள் வார்ப்பின் இணைப்புக்கோட்டில் பிசகாமல் இருபுறமும் சேர்கின்றனவா என்று பார்க்கலாம். பழைய பொருளாக இருந்தால் கணுக்கால், கூந்தல் நுனி, வால் ஆகிய மூன்று இடங்களுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேட்டு வாங்க வேண்டும். ஒட்டுப்போட்ட பீங்கான் இந்த இடங்களில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. விளையாட்டுப் பொம்மை 9503 என்ற சுங்கத் தலைப்பிலும், பீங்கான் அலங்காரச் சிலை 6913 என்ற தலைப்பிலும் வருகின்றன. ஆகவே அனுப்புகிறவர் விவரச் சீட்டில் பொருளை ‘பொம்மை’ என்று ஒரு சொல்லில் முடிக்காமல், என்ன பொருளால் ஆனது, எதற்கானது என்று உள்ளபடி எழுதுவது அவசியம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கையில் கொடுத்துவிடச் சொல்வது நம் மாவட்டத்தில் பழகிய வழி. பீங்கானாக இருந்தால் கைப்பெட்டியில் மட்டுமே கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இனி அலமாரி. குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் இறங்குவதே இல்லை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் அதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எனவே திறந்த தட்டில் அடுக்குவது இங்கே ஒத்துவராது. அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்டு செய்யும் பெட்டியே ஏற்றது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஜன்னல் செய்து தரும் பட்டறையில் அளவைக் கொடுத்தால் செய்து தருவார்கள். அவர்களாக விட்டால் நகரும் கண்ணாடி போட்டுவிடுவார்கள். நகரும் கண்ணாடிகள் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் நடுவிடத்தில் விரல் பருமனுக்கு இடைவெளி நிற்கும். தூசியும் சிற்றெறும்பும் உள்ளே வரும் வழி அதுதான். கீல் வைத்துத் திறக்கும் கதவாகக் கேட்டு, சட்டத்தைச் சுற்றிலும் ரப்பரோ பஞ்சோ ஆன பட்டை ஒட்டச் சொல்ல வேண்டும். உள் ஆழம் 20 சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஆழம் கூடினால் பின்வரிசை இருட்டில் போய்விடும். மரத்தில்தான் வேண்டுமென்பவர்கள் பழைய, நன்கு காய்ந்த அயினி அல்லது தேக்கைப் பயன்படுத்தலாம். புதிதாக வார்னிஷ் அடித்த பெட்டியை மணம் முற்றிலும் போகும்வரை சில வாரங்கள் திறந்தே வைத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்த ஆவி உள்ளேயே அடைபட்டுச் சாயத்தைப் பிசுபிசுப்பாக்கும்.

பெட்டியை ஆனி, ஆடிச் சாரல் அறையும் வெளிச்சுவரில் பொருத்தாமல், இரண்டு அறைகளுக்கு நடுவேயுள்ள உட்சுவரில் பொருத்துவது நல்லது. சன்னல் வெயில் நேரே விழும் இடமும் கூடாது. ஜாஸ்மினின் நீலத்தைவிட ராஜாவின் ஆரஞ்சுதான் முதலில் வெளுக்கும், வெள்ளைப் பகுதிகளோ மஞ்சளாகும். சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து, அளவு 60 விழுக்காட்டைத் தாண்டும்போது சிலிக்கா ஜெல் பையை மாற்ற வேண்டும். நிறம் மாறும் வகையை வாங்கினால் ஆரஞ்சு பச்சையாகும்போது கண்ணுக்கே தெரிந்துவிடும்; அதைத் தட்டில் பரப்பி ஓவன் அடுப்பில் சுமார் 120 டிகிரி செல்சியஸில் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். மழைக்கால வெயிலில் காயவைத்துப் பயனில்லை, அந்தக் காற்றிலேயே ஈரம் இருக்கிறதே. விளக்குக்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை போதும், சூடாகும் அடாப்டரைப் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும்.

பொம்மைக்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் பலரும் கவனம் செலுத்துவதில்லை. பி.வி.சி.யை வளைவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் மெல்ல வெளியேறும். அது தெர்மாகோலைத் தொட்டால் தெர்மாகோல் கரைந்து பள்ளம் விழும், பொம்மையின் பாதமும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தெர்மாகோலில் வெட்டிய அரண்மனை, மாடப்படி எதன்மீதும் பி.வி.சி. பொம்மையை நேராக நிறுத்தக் கூடாது. பூச்சிக்கென்று பாச்சை உருண்டையோ கற்பூரமோ மூடிய பெட்டிக்குள் போடுவதும் ஆகாது. அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கையும் சாயத்தையும் இளக்கிவிடும். பீங்கானின் அடியில் ரப்பர் துண்டு வைத்தால் நாளடைவில் கறை பிடிக்கும். அதற்குப் பதில் கம்பளித் துணி வட்டம் வைக்கலாம்.

காட்சி அமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது பார்வைக்கோடு. இருவரும் பார்ப்பவரை நோக்கியே நின்றால் கடைத்தட்டுப் போல இருக்கும். இளவரசியைச் சற்றே திருப்பி, புலியின் முகம் அவளை நோக்கும்படியோ, இருவரும் ஒரே திசையில் வருகிற யாரையோ பார்க்கும்படியோ வைத்தால் தோழமை தெரியும். வேண்டாத மாப்பிள்ளையாக வந்த இளவரசன் அகமதின் கால்சட்டைத் துணியைக் கடித்துக் கிழித்து வாயில் கவ்விக்கொண்டு ராஜா நிற்பதும், நீரூற்றின் விளிம்பில் அமர்ந்து ஜாஸ்மின் அவனை அணைத்துக்கொள்வதும் படத்தில் வருவன. வாய் திறந்த புலி கிடைத்தால் நகத்தளவு துணியைச் செருகி முதல் காட்சியை அமைத்துவிடலாம். பசை தேவையில்லை.

தளத்துக்கு கிரானைட் கடையில் கழித்துப் போடும் மெருகிட்ட கறுப்புத் துண்டு ஒன்று போதும். பத்மநாபபுரம் அரண்மனையின் பளபளக்கும் கருந்தளத்தைப் போல அது இளவரசியின் நிழலை மங்கலாகக் காட்டும். கனமாக இருப்பதால் ஃபேன் காற்றுக்கும் கதவு அதிர்வுக்கும் அசையாது. பாலைவனத் தோற்றம் வேண்டுமென்று கன்னியாகுமரியில் பொட்டலமாக விற்கும் வண்ண மணலைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடல்மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து, பாதத்தில் வெள்ளைப் படிவை விட்டுவிடும். பொம்மையின் காலுக்குள் இரும்புக் கம்பி இருந்தால் துருவும் பிடிக்கும். மர வேலைக்குப் பயன்படும் மஞ்சள் நிற உப்புத்தாளைப் பின்சுவரில் ஒட்டினாலே மணல் தோற்றம் வந்துவிடும்.

நவராத்திரிக் கொலுவில் கீழே அமைக்கும் பூங்காவில் இந்த இணையை வைப்பதில் தடையொன்றுமில்லை; பூங்கா என்பது வீட்டுப் பிள்ளைகள் விருப்பம்போல் அமைக்கும் இடந்தானே. எண்ணெய் விளக்கிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும், புகைக்கரி பி.வி.சி.யில் படிந்தால் எளிதில் போகாது. கிறிஸ்துமஸ் குடில் வேறு. ஈர மண்ணும் பச்சைப் புல்லும் வைக்கோலும் சேர்ந்த அந்த இடத்தில் சாயம் கெடும் என்பதோடு, ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே புலியை நிறுத்துவதைப் பாட்டிமார் ஒப்புவதில்லை. குழந்தைகள் கேட்டு அடம்பிடித்தால், குடிலுக்கு வெளியே தனி மேசை போட்டுக் கொடுப்பது சமாதானத்துக்கு வழி.

துப்புரவுக்கு ஓவியர்களின் மென்தூரிகையும், கேமராவுக்குப் பயன்படும் காற்றுப் பந்தும் போதும். பிசுக்கு ஏறிய பி.வி.சி.யை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து துடைத்து, நிழலில் முழுதாகக் காயவைத்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். சானிடைசர், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் சாயத்தை எடுத்துவிடும். கோடை வெப்பத்தில் ஜாஸ்மினின் மெல்லிய கணுக்கால் இளகி, உடல் ஒரு பக்கம் சாய்வது அடிக்கடி நேர்வது. கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில் காலை மட்டும் ஒரு நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் அது அப்படியே நிலைத்துவிடும். பீங்கானிலும் ரெசினிலும் இதைச் செய்யக் கூடாது.

வீடு மாறும்போதோ வெள்ளையடிக்கும்போதோ எடுத்துக் கட்ட நேர்ந்தால், குமிழ் உறையைப் பொம்மையின்மேல் நேராகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் பதியும்; முதலில் சாயமில்லாத வெள்ளை மென்தாள், அதன்மேல் குமிழ் உறை என்று சுற்ற வேண்டும். செய்தித்தாள் மை ஒட்டும் என்பதால் அது வேண்டாம். புலியின் வாலைச் சுற்றித் தனியாகத் தாள் திணித்து, இருவரையும் ஒரே பெட்டியில் வெவ்வேறு அறைகளாக அட்டை வைத்துப் பிரித்து, வாங்கிய தேதியும் விலையும் குறித்த சீட்டின் நகலை உள்ளே போட்டு, அட்டைப் பெட்டியைப் பரணில் வைப்பதற்குப் பதில் தரையிலிருந்து உயர்ந்த பலகையில் வைக்க வேண்டும். பரணின் சூட்டில் கால் வளையும், தரையில் வைத்தால் கரையான் அட்டையை அரிக்கும்.