பின்னால் அமுங்கிய கேம்பர் வானை நிமிர்த்துவது எப்படி?

வானைக் கேம்பராக, அதாவது தங்கிப் பயணம் போகும் வண்டியாக மாற்றி, கட்டில், தண்ணீர்த் தொட்டி, பற்றறி, அடுப்பு எல்லாம் பூட்டி முடித்ததும் அது பின்னால் குந்திக்கொண்டு நிற்கும். ஹெட்லைட் மேலே ஏறி எதிரே வருபவர்களின் கண்ணைக் கூசும். முன் சில்லுகளில் பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும். ரயில் கடவையைத் தாண்டும்போது பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

உடனே கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய்ப் புது ஷொக் அப்சோபர் வாங்குபவர்கள் நிறையப் பேர். காசுதான் போகும், வான் எழும்பாது. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவதுதான் சாதாரண ஷொக்கின் வேலை. ஆகவே முதலில் ஸ்பிரிங்கைப் பார்ப்போம். கொழும்பில் கேம்பராக மாற்றப் பலரும் எடுப்பது டொயோட்டா ஹையேஸ் கேடிஎச். முன்னால் டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்). பின்னால் லீஃப் ஸ்பிரிங் உள்ள மற்ற வான்களுக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: எடையை நிறுத்துப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு எதையும் வாங்க வேண்டாம். லொறி நிறுக்கும் தராசு உள்ள இடத்துக்குப் பயணம் போகிற கோலத்திலேயே வானைக் கொண்டுபோங்கள். தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும், காஸ் சிலிண்டர் உள்ளே இருக்க வேண்டும், கூட வருகிறவர்களும் ஏறியிருக்க வேண்டும். முதலில் முழு வானையும் நிறுங்கள். அப்புறம் பின் சில்லுகளை மட்டும் தராசில் நிறுத்தி இன்னொரு முறை நிறுங்கள்.

முதல் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டியிருந்தால் பாரத்தைக் குறைப்பதுதான் வழி. எவ்வளவு தடித்த ஸ்பிரிங் போட்டாலும் சான்றிதழில் உள்ள எண் மாறாது. பிரேக்கும் அக்சிலும் பழையவைதானே.

இரண்டாவது எண்ணை டயரோடு ஒப்பிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் 107/105 போன்ற ஓர் இலக்கம் இருக்கும். 107 என்றால் ஒற்றைச் சில்லாகப் பூட்டும்போது ஒரு டயர் 975 கிலோ வரை தாங்கும், அதாவது இரண்டும் சேர்ந்து 1,950 கிலோ. அதுவும் அந்தப் பாரத்துக்கு உரிய காற்று இருந்தால்தான். சாதாரண கார் டயரைப் போட்டு ஓட்டுகிற வான்களும் உண்டு. அப்படியென்றால் முதலில் மாற்ற வேண்டியது டயரைத்தான்.

படி 2: பாரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள்

செலவில்லாத வேலை இது. ஆனால் யாரும் செய்வதில்லை. கேடிஎச் நீள பொடியில் முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் இடையே 2,570 மில்லிமீற்றர். பின் அக்சிலுக்கு 80 சென்ரிமீற்றர் பின்னால் 100 லீற்றர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் பின் அக்சிலில் ஏறுவது 100 கிலோ அல்ல, ஏறக்குறைய 131 கிலோ. மிச்ச 31 கிலோ முன் சில்லுகளிலிருந்து தூக்கி எடுக்கப்படுகிறது. அதே தொட்டியை இரண்டு அக்சிலுக்கும் நடுவே வைத்தால் பின்னால் விழுவது 50 கிலோதான்.

பற்றறியையும் இப்படியே பாருங்கள். 100 ஆம்பியர் ஹவர் ஈய பற்றறி 30 கிலோவை நெருங்கும். அதே கொள்ளளவு லிதியம் என்றால் பாதிக்கும் குறைவு. 18 மில்லிமீற்றர் பிளைவூட் முழுத் தகடு ஒன்றும் 30 கிலோ அளவில் வரும். அலுமாரிக்கு அவ்வளவு தடிப்பு எதற்கு?

படி 3: இருப்பதைப் பரிசோதியுங்கள்

சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் சாமான் வைத்த விதம் காரணமாக இருக்கலாம், அல்லது உள்ளே ஒரு பட்டை உடைந்திருக்கலாம். பட்டைகளைக் கழுவி, டோர்ச் அடித்து வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். முனைகளில் உள்ள ரப்பர் புஷ், ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் செசியோடு இணைக்கும் ஷாக்கிள், ஸ்பிரிங்கை அக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் எல்லாவற்றையும் பாருங்கள். கடற்கரைப் பக்கம் நிறுத்தும் வண்டியென்றால் துரு கூடுதலாக இருக்கும்.

படி 4: எதைப் போடுவது?

மூன்று வழி உண்டு. அக்சில் மேலே வந்து செசியில் அடிபடாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் இடத்தில் பூட்டும் தடித்த ரப்பர் உதவி மலிவு, வேலையும் குறைவு. ஆனால் களைத்துப்போன ஸ்பிரிங்கை அது காப்பாற்றாது.

ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பூட்டும் காற்றுப் பை அழகான தீர்வு. பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அமுங்குகிற பையின் காற்று மறுபக்கத்துக்கு ஓடி வானை இன்னும் சாய்க்கும். பை வெறுமையாக ஓடவும் கூடாது. பல பைகளுக்குக் குறைந்தது 5 பிஎஸ்ஐயாவது வேண்டும், சரியான எண் பெட்டியில் இருக்கும்.

என் தெரிவு மூன்றாவது: பாரத்தைக் கணக்கிட்டு லீஃப் ஸ்பிரிங்கையே மாற்றுவது, அல்லது ஒரு பட்டை கூட்டுவது. சாமான் ஏற்றும் வான் காலையில் நிரம்பும், மாலையில் வெறுமையாகும். கேம்பர் அப்படியில்லை, கட்டிலும் அலுமாரியும் எப்போதும் அதன் முதுகில்தான். நிரந்தரப் பாரத்துக்கு நிரந்தர ஸ்பிரிங்தான் பொருத்தம். கடையில் “அண்ணே, கேடிஎச்சுக்கு ஹெவி ஸ்பிரிங் தாங்கோ” என்று மட்டும் கேட்காதீர்கள். பின் அக்சில் எடையைச் சொல்லிக் கேளுங்கள். அளவுக்கு மீறித் தடித்ததைப் போட்டால் ஹப்புத்தளைக்குப் போய்ச் சேருவதற்குள் அலுமாரி ஆணிகள் எல்லாம் கழன்றுவிடும்.

படி 5: பூட்டுதல்

பழக்கமில்லாதவர்கள் கராஜில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. நீங்களே செய்வதென்றால் சமதளமான சீமெந்துத் தரை வேண்டும். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, செசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கல்லையோ ஜக்கையோ நம்பி வானுக்குக் கீழே போகக் கூடாது.

அக்சிலை வேறொரு ஜக்கால் தாங்கிப் பிடித்து, ஸ்பிரிங்கில் இழுவிசை இல்லாத அளவுக்கு இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கவனம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அக்சில் இடம் மாறிவிடும். கழற்றும் வரிசை: ஷொக்கின் கீழ்ப் போல்ட், பிறகு யூ போல்ட், அப்புறம் ஸ்பிரிங்கின் இரு முனைகளும். புது ஸ்பிரிங்கின் நடுப் போல்ட்டின் தலை அக்சிலில் உள்ள துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். யூ போல்ட் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை இறுகி நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது.

புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வான் நிலத்தில், தன் பாரத்தோடு நிற்கும்போது. அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். இறுக்கும் அளவுக்கு உங்கள் மாடலின் கைநூலைப் பாருங்கள்.

படி 6: பூட்டிய பிறகு

சில மாடல்களில் பின் அக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. பின்பக்கம் உயர்ந்ததும் வான் வெறுமையாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அமுக்கத்தைக் குறைத்துவிடும். கடுகண்ணாவை இறக்கத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்; கராஜிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். ஹெட்லைட்டின் கோணத்தையும் மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு அவிசாவளை வரை போய்வந்தால் போதும். திரும்பியதும் முன்பு எழுதிவைத்த அளவோடு உயரத்தை ஒப்பிடுங்கள், யூ போல்ட்டைச் சோதித்து இறுக்குங்கள், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு முறையும் இறுக்குங்கள். ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் வான் அடங்காமல் துள்ளிக்கொண்டே இருந்தால், சரி, இப்போது பஞ்சிகாவத்தைக்குப் போய் ஷொக் வாங்கலாம்.