மாலை போட்டுக் குடியை நிறுத்துபவரை முதல் 5 நாள் பார்த்துக்கொள்வது எப்படி?

கார்த்திகை பிறந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் கொஞ்சம் நிம்மதி வரும். ஐயப்பனுக்கு மாலை போட்ட கையோடு குடி நின்றுவிடும். அந்த 48 நாள் விரதம் நல்ல வாய்ப்புதான். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். விரதத்தில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, சாமிக்குத்தம் என்று வீட்டார் பயந்துகொண்டிருக்கும்போதே நேரம் ஓடிவிடுகிறது. அதனால் மாலை போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள்.

முதலில் அளவைக் கணக்குப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். எல்லை தாண்டி வரும் 90 மி.லி. பாக்கெட்டில் 30 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ஒரு குவார்ட்டர் கழிய 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் ஒரு குவார்ட்டரோ அதற்கு மேலோ குடிப்பவர், காலையில் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் அடங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், ஏற்கெனவே காமாலையோ வயிற்றில் நீரோ உள்ளவர் ஆகியோர் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரைப் பார்க்கும்வரை திடீரென்று முழுக்க நிறுத்தச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

ஏன் இப்படி? தொப்பூர்க் கணவாயில் லாரி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். மது மூளையின் மேல் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் பிரேக். அதை மீறி வேலை செய்ய, மூளை மாதக்கணக்கில் ஆக்ஸிலேட்டரை மிதித்தே பழகியிருக்கிறது. பிரேக் மட்டும் திடீரென்று போய்விட்டால் மிதித்த கால் உடனே எழாது. நடுக்கம், வியர்வை, வலிப்பு எல்லாம் அந்த வேகம்தான். மிதித்த அந்தக் காலை மூளை மெல்ல எடுக்கச் சில நாள் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் டாக்டர் மாத்திரை தருகிறார்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவைக் கேளுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு வந்ததுண்டா, சர்க்கரை, பிரஷருக்கு என்ன மாத்திரை என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துபோகும். வழக்கமாகத் தருவது டயஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு, கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். தினமும் குறைத்துக்கொண்டே வந்து சுமார் ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். மாத்திரை வீட்டார் கையில் இருக்கட்டும். அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. போன வருஷத்துச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கித் தருவதும் தப்பு.

கடைசிக் குடியிலிருந்து மணிக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை, படபடப்பு தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மூன்றாம் நாள் வந்ததும் வீட்டார் அசந்துவிடுவார்கள்; அதுதான் தவறு. ஆளும் இடமும் தெரியாமல் உளறுவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது, இல்லாத ஆளோடு பேசுவது, காய்ச்சல், கட்டுக்கடங்காத நடுக்கம் எல்லாம் இரண்டாம் நாள் முடிந்து ஐந்தாம் நாளுக்குள் தலைகாட்டும். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கவோ கட்டிப்போடவோ கிளம்பினால் அந்த உயிர் கையை விட்டுப் போகும். 108-ஐ அழையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 100-க்கு மேல் ஓடினாலும், தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும், ரத்த வாந்தியோ கருப்பு மலமோ போனாலும் காத்திருக்க வேண்டாம். அஞ்செட்டி, ஏரியூர்ப் பக்கத்து மலையூர்க்காரர்கள் ராத்திரிக்கு வண்டி யாருடையது என்பதைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த 5 நாளும் டவுனில் உறவுக்காரர் வீட்டில் தங்குவது நல்லது.

வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு திணிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அதனால் ஒரு பலனும் கிடையாது. வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைக்கும். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். தானாக நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் போடும் ஊசிகளில் தயமின், அதாவது வைட்டமின் பி1, ரொம்ப முக்கியம். குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் அதை உறிஞ்சாது. பி1 தீர்ந்துபோனால் கண் நிலைகுத்தாமல் ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் போகும். தாமதித்தால் போன ஞாபகம் திரும்பாமலே போகலாம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இது இன்னும் மோசமாகலாம். ஆகவே தெரு முனை கிளினிக்கில் ‘தெம்புக்கு ஒரு பாட்டில்’ கேட்காதீர்கள்.

சாப்பாடு எளிதுதான். முதல் இரண்டு நாள் களி கனக்கும். ராகிக் கூழைத் தண்ணியாகக் கரைத்து மோரும் உப்பும் சேர்த்து, அரை டம்ளர் அரை டம்ளராக அடிக்கடி கொடுங்கள். வயிறோ காலோ வீங்கியவருக்கு உப்பும் தண்ணீரும் டாக்டர் சொன்ன அளவுதான். மூன்றாம் நாளிலிருந்து முட்டை, பயறு, களி எல்லாம் ஆகும். விரதக்காரருக்கு முட்டைக்குப் பதில் பயறைக் கூட்டுங்கள். ஒருவேளைச் சாப்பாடு, விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல் இரண்டையும் முதல் வாரம் தள்ளிவையுங்கள். குருசாமியிடம் நிலைமையைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: அவருக்குத் தெரியாமல் குழம்பில் ‘குடி மறக்கும் பொடி’ கலப்பது. அதில் பெரும்பாலும் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்திருந்தால், அது தெரியாமல் மது குடித்தவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பின்பும் அந்த வேகம் இருக்கலாம்.

கொழுப்பு படிந்த கல்லீரல் மட்டும் என்றால் குடியை விட்ட சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். சுருங்கிப்போன கல்லீரல் பழையபடி ஆகாது; ஆனால் அது மேலும் கெடுவதை நிறுத்தலாம். எந்த நிலை என்பதை ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் சொல்லும்.

மாலை கழற்றும் நாளைப் பற்றிக் கார்த்திகையிலேயே பேசுங்கள். 48 நாளில் உடம்பு பழக்கத்தை இழந்திருக்கும். பழைய அளவை ஒரே மூச்சில் குடித்தால் அதுவே விஷமாகும். மறுபடி தினமும் தொடங்கி மறுபடி நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடச் சுலபமாக வரும். மலைக்குப் போய்த் திரும்பும் தேதி தெரிந்ததும் அதற்கு முந்தின வாரத்தில் மனநலப் பிரிவுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளில் அவர் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் எது ஒத்துவரும் என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். இடையில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.